பாக்கி இருந்த மீன்

உலாயுக் கையில் படாத பிராணி எங்கள் கரையில் கிடையாது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கரடி, கலைமான், வால்ரஸ், தந்தமூக்குத் திமிங்கலம் எல்லாம் பார்த்துவிட்ட ஆள். விருந்து என்று ஒன்று நடந்தால் அவன் பெயர் வராமல் முடியாது. ஊரில் இரண்டே பேர்தான் அந்தப் பேச்சு வரும்போது வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் உலாயுக். இன்னொருத்தி நௌயா.

நௌயா அவனுடைய சனாயி. அவன் பிறந்த நாளில் பெரியவர்கள் எல்லாரும் வேட்டைக்குப் போயிருந்தார்கள். முகாமில் அவன் அம்மாவுக்குத் துணையாக இருந்தது நௌயா ஒருத்திதான், தன் உடுப்பைக் கூட ஒழுங்காக மாட்டத் தெரியாத வயது. அவள்தான் கொடியை அறுத்தாள், முயல்தோலால் துடைத்தாள், முதல் சட்டையை மாட்டிவிட்டாள். எங்களுக்குப் பெறுகிறவள் ஒருத்தி, பிறந்ததை ஆளாக்குகிற சனாயி ஒருத்தி. ஆக்கியவளுக்கு ஒரு உரிமை உண்டு. அந்தப் பிள்ளை தன் ஆயுளில் எந்த ஜாதி உயிரைப் பிடித்தாலும் அதில் முதலாவது அவளுக்குப் போய்ச் சேர வேண்டும். பிடித்தவன் அதில் ஒரு விரற்கடை கூட வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் அப்புறம் அந்த ஜாதி அவன் கைக்கு வரவே வராது.

உலாயுக் இந்த விஷயத்தில் நாணயமானவன். முதல் வாத்து, முதல் சீல் என்கிற கடல்நாய், முதல் கரடி என்று ஒன்று விடாமல் நௌயாவின் வாசலில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான். அவள் அண்டை வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுப் பங்கு போட்டுத் தின்று, எலும்பை உறிஞ்சி, அவனைப் புகழ்ந்து பாடியிருக்கிறாள். வராமல் பாக்கி நின்றது ஒன்றே ஒன்று. கானயோக்.

இதை அப்போது கேட்டிருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் நம்பியிருக்கமாட்டார்கள். கானயோக் என்பது கரையோரக் கல்லிடுக்கில் வயிற்றை அடித்தரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற மீன். ஒரு சாண் இருக்கும், அதில் பாதி தலை. தலை முழுக்க முள், வாயோ செவுள் வரைக்கும். யாரோ இப்போதுதான் திட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு முகம். ஓடாது, துள்ளாது, எதை முன்னால் ஆட்டினாலும் கவ்வும். நடக்கத் தெரிந்த குழந்தை கூடக் கோடையில் ஒரு நூலும் கந்தல் துணியும் இருந்தால் பிடித்துவிடும். எல்லாருடைய முதல் மீனும் அதுதான் என்பதால் உலாயுக்கிடம் அதைப் பற்றி யாரும் கேட்டதேயில்லை. பெரிய ஓட்டப்பந்தயக்காரனிடம் போய் உனக்கு நடக்கத் தெரியுமா என்று யார் கேட்பார்கள்?

நடந்தது இதுதான். அவனும் சின்ன வயதில் ஒன்றைப் பிடித்தான். நௌயா பக்கத்தில் நின்றாள். கொக்கியிலிருந்து எடுக்க மீனைக் கையில் பற்றியபோது அது உறுமியது. கானயோக்கின் வழக்கம் அது. சத்தம் காதுக்கு வராது, நேராக எலும்புக்குள் இறங்கும். பையன் அலறி, மீனைக் கடலில் வீசிவிட்டு, கூடாரத்துக்குள் ஓடி அம்மாவின் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். அவளிடம் வந்து சேராத மீன் கணக்கில் வராது. அன்றோடு சரி. மற்றப் பிள்ளைகள் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அவன் பறவைக்குக் கல்லெறியப் போய்விடுவான். பிறகு துப்பாக்கி வந்தது, படகு வந்தது, பெயர் வந்தது.

நௌயா அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. அவனை ஊர் தூக்கிவைத்துப் பேசும் ஒவ்வொரு விருந்திலும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு, "எனக்கு இன்னும் ஒண்ணு வரணும்" என்பாள். அவ்வளவுதான். கரடிக்கு முன்னால் அசையாமல் நிற்கிறவன் அந்த ஒரு வார்த்தையில் கையிலெடுத்த இறைச்சியைக் கீழே வைத்துவிடுவான்.

அந்த ஆண்டு, கடல் உறைவதற்கு முன், உலாயுக் கலைமானுக்காக, கடல் நிலத்துக்குள் நீண்டு நுழையும் நீர்க்காலுக்குள் படகில் புறப்பட்டான். குளிர்கால உடுப்புக்குத் தோல் வேண்டும் என்று நௌயாவும் ஏறிக்கொண்டாள், வேறு யாரும் இல்லை. ஆம்பிளைகள் உரித்தால் தோலில் ஓட்டையைத்தான் உரிப்பார்கள் என்பது அவள் கட்சி. வேட்டை நன்றாகவே நடந்தது. திரும்பும்போதுதான் காற்று கடல் பக்கமிருந்து எழுந்தது. அலை படகுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், வழியில் இருந்த ஒரு மொட்டைப் பாறைத் தீவில் ஒதுங்கினார்கள்.

தப்பு அங்கேதான் நடந்தது. முன்பு ஏறி இறங்கிய கடல் விட்டுப்போன பாசிக்கோடு வரைக்கும் படகை இழுத்துவிட்டு, போதும் என்று நினைத்தான் உலாயுக். முழுநிலாக் காலம், பின்னால் காற்று தள்ளுகிறது, ஏறுகிற கடல் அந்தக் கோட்டில் நிற்குமா? சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாறையில் கட்டு என்று நௌயா சொன்னாள். முப்பது வருஷமாகப் படகு ஓட்டுகிறவனுக்குச் சொல்லித்தருகிறாயா என்று கேட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் படுத்துவிட்டான். களைப்பு ஒரு பக்கம், திமிர் ஒரு பக்கம்.

விடியும்போது படகு மிதந்துகொண்டிருந்தது. நௌயாதான் முதலில் பார்த்தாள். அவனை எழுப்பக் கூட நிற்காமல் மார்பளவு தண்ணீரில் பாய்ந்து கயிற்றைப் பிடித்துவிட்டாள். அலை படகைத் தூக்கி அவள் இடுப்பில் இடித்தது. உலாயுக் ஓடிவந்து கை கொடுத்தபோது, படகைப் பிடிப்பதா அவளைப் பிடிப்பதா என்று யோசிக்க நேரமில்லை. அவளைப் பிடித்தான். இறைச்சி, எண்ணெய், வயர்லெஸ், தோட்டாப் பெட்டி எல்லாவற்றோடும் படகு தலையை ஆட்டிக்கொண்டு போனது.

மிஞ்சியது கூடாரம், கொஞ்சம் எண்ணெயோடு ஒரு ஸ்டவ், கெட்டில், தேயிலை, ஒரு கைப்பிடி சர்க்கரை, ஒரு ரொட்டி, நௌயாவின் தையல்பை, துப்பாக்கிக்குள் மூன்று தோட்டா. ஊரில் தேடுவார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் காற்று விழாமல் யாரும் படகு இறக்கமுடியாது. இறக்கினால் அவர்களையும் தேட வேண்டியிருக்கும்.

ரொட்டி முதல் நாளே தீர்ந்தது. நௌயாவுக்கு இடது கால் ஊன்ற முடியவில்லை. நனைந்த உடுப்பு உடம்பிலேயே காய வேண்டியிருந்தது. பனிக்கட்டி வருஷா வருஷம் வந்து உரசும் பாறை அது, சிப்பி கூட ஒட்டுவதில்லை. அலை தள்ளிய பாசியை மென்று பார்த்தார்கள். உலாயுக் தன் தப்பைப் பெரிய வேட்டை ஒன்றால் கழுவிவிட நினைத்தான். முதல் தோட்டாவை வாத்துக்கூட்டத்தில் விட்டான், காற்று அதைத் திருப்பிவிட்டது. இரண்டாவதை ஒரு சீலின் தலையில் சரியாக வைத்தான். செத்தது. எடுக்கத்தான் படகில்லை. கண் முன்னாலேயே அது புரண்டு மூழ்கியது. மூன்றாவது தோட்டாவைக் கரடிக்கென்று ஒதுக்கினான். உறைபனிக்காகக் காத்துக்கொண்டு அவை கரை கரையாக அலையும் மாதம் அது.

மறுநாள் நௌயாவின் நடுக்கம் நின்றுவிட்டது. பார்க்கிறவனுக்கு நல்லதாகத் தெரியலாம். எங்களுக்கு அது கெட்ட அறிகுறி. உடம்புக்குள் எரிக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். உலாயுக் அவளைத் தன் மேல்சட்டைக்குள் சேர்த்துக்கொண்டு, கடைசிச் சர்க்கரையைப் போட்டு டீ கொடுத்தான். அவளுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் நாக்கு மட்டும் வழக்கம்போல உயிரோடு இருந்தது.

"நாம வந்த அன்னைக்கே, தண்ணி வத்தினப்ப பார்த்தேன்" என்றாள். "அந்தப் பக்கம், காத்துக்கு மறைவா ஒரு மடு இருக்கில்ல. கல்லுக்கடியில கருப்பா ஒண்ணு வாலை ஆட்டிட்டு உள்ள போச்சு."

உலாயுக் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீல் மறுபடியும் வரும் என்றான்.

"வரும். வந்து உன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போகும்."

"காத்து இறங்கிட்டா எல்லாரும் வந்துடுவாங்க."

"வருவாங்க. நான் இருக்கமாட்டேன்." அதை ஒரு சாதாரண விஷயம் போலச் சொன்னாள். "கரடியை ஈட்டியால குத்தினவன்டா நீ. ஒரு சாண் மீனுக்கு என்ன பயம் உனக்கு?"

"பயம்னு யார் சொன்னா?"

"நான் சொல்றேன். பக்கத்துல நின்னு பார்த்தவ."

அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் யார் மேல் என்று அவனுக்கே தெரியும். தன்னைத் துடைத்து சட்டை போட்டுவிட்ட கை இப்போது தன் சட்டைக்குள் ஐஸ்போலக் கிடந்தது. தான் ஒரு கயிற்றைக் கட்டாமல் விட்டதால் வந்த வினை. அவள் போய்விட்டால் அப்புறம் கரடி என்ன, திமிங்கலம் என்ன, எதைக் கொன்று யார் வாசலில் போடுவது? எழுந்து, "ஊசி இருக்கா?" என்று கேட்டான்.

தையல்பையில் தோல் தைக்கும் தடித்த ஊசிகள் மூன்று இருந்தன. முதலாவதை விரலால் வளைத்தான், பட்டென்று முறிந்தது. இரண்டாவதை ஸ்டவ் நெருப்பில் பழுக்கவைத்துத் துப்பாக்கிக் குழல்மேல் வைத்து மெதுவாக வளைத்தான். அது கொக்கியானது. நரம்புநூலைத் திரித்துக் கட்டினான். இரைக்கு ஒன்றுமில்லாததால் நௌயா தன் கழுத்துத் துணியிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை இரண்டு இழை பிய்த்துக் கொடுத்தாள். கனத்துக்கு ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு மடுவுக்குப் போனான். அரை மணி போகவில்லை, கல்லின் கூர் நூலை அறுத்து, கல்லும் கொக்கியும் கடலோடு போயின.

வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தான். மிச்சம் ஒரே ஊசி. அதையும் வளைத்தான். வளைத்துவிட்டு, கனத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அவன் கண் துப்பாக்கிமேல் போனது. நௌயா அதைக் கவனித்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். கரடி வந்தால் கையில் ஒன்றுமே இருக்காது.

உலாயுக் தோட்டாவை வெளியே எடுத்துக் கடைவாயில் கடித்து ஈயத்தைப் பிடுங்கினான். "வந்தா கெட்டிலால அடிக்கிறேன்" என்றான். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஈயத்தைத் தட்டித் துளைத்து நூலில் கோத்தான். தோட்டாவின் பித்தளைக் குப்பியையும் மினுக்கத்துக்காக, மிச்சமிருந்த சிவப்புக் கம்பளி இழையோடு சேர்த்துக் கட்டினான். பேர்பெற்ற வேட்டைக்காரனின் கடைசித் தோட்டா குழந்தைகள் பிடிக்கும் மீனுக்குத் தூண்டிலாகிவிட்டது.

மடுவில் தொடையளவு தண்ணீரில் நின்று நூலை இறக்கினான். அவனுக்குத் தெரிந்த மீன்பிடி எல்லாம் ஆழக்கடல் மீன்பிடி. நூலை மேலே ஒரு முழம் சுண்டுவது, விடுவது, மறுபடி சுண்டுவது. அப்படியே செய்தான். கால் மரத்ததும் கரையேறி உதைத்துக்கொள்வான். விரல் மரத்ததும் அக்குளில் செருகிக்கொள்வான். மறுபடி இறங்குவான். மீன் கீழே இருந்தது, அவன் கொக்கி மேலே ஆடிக்கொண்டிருந்தது. கானயோக் தலையைத் தூக்கிப் பார்க்கிற ஜாதி அல்ல. இது தெரியாமல் நேரத்தையெல்லாம் கரைத்தான். இடையில் ஒருமுறை கூடாரத்துக்குப் போய் நௌயாவைக் கூப்பிட்டுப் பார்த்தான். இரண்டாவது தடவைதான் பதில் வந்தது. அவன் திரும்பி நடந்தான். மீன் இல்லாமல் அந்தக் கூடாரத்துக்குள் இனிமேல் நுழைவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டான்.

கை சுண்ட முடியாமல் போனதுதான் உதவியாயிற்று. விரல் சொன்னபடி கேட்காததால் நூலை அப்படியே விட்டுவிட்டு நின்றான். ஈயம் அடித்தரையில் போய்ப் படுத்தது. சற்று நேரத்தில் நூல் கனத்தது. அவன் ஒரு சீல் மிருகத்தை இழுக்கிற வேகத்தில் வெடுக்கென்று இழுத்தான், கொக்கி வெறுமனே வந்தது. தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு, மறுபடி விட்டான். அடித்தரையில் படுக்கவிட்டு, கொஞ்சமாக நகர்த்தி, மறுபடி படுக்கவிட்டான். இந்தத் தடவை கனத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை எழுப்பாமல் தூக்குகிற மாதிரி மெதுவாக ஏற்றினான்.

பெரிய தலையும் உப்பிய வயிறுமாக ஒரு கானயோக் வந்தது. தண்ணீருக்கு மேலே வந்ததும் கொக்கி அதன் உதட்டோரத்தில் வழுகுவது தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில் விழுந்துவிடும். யோசிக்க இடமில்லை. வெறும் கையால் அதன் முள்தலையோடு சேர்த்துப் பற்றினான்.

அது உறுமியது.

அதே உறுமல்தான். உள்ளங்கையில் தொடங்கி முழங்கை வழியாக ஏறிப் பல்லுக்குள் வந்து நின்றது. அவன் கை தானாகத் திறக்கப் பார்த்தது. வளர்ந்த ஆள், மீசையில் நரை வந்தவன், அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு ஐந்து வயதுப் பிள்ளையைப் போல நடுங்கினான். முதுகெலும்பு வரைக்கும் பயம் இருந்தது. அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? பயத்தோடுதான் விரலை இறுக்கினான். முள் சதையில் இறங்கியது. இன்னும் இறுக்கினான். "உறுமு" என்றான் மீனிடம். "நல்லா உறுமிக்கோ. விடமாட்டேன்." கூடாரம் வரைக்கும் அதைத் தரையில் வைக்காமல், இடுப்பில் செருகாமல், கையிலேயே கொண்டுபோனான்.

நௌயாவின் முன்னால் நீட்டினான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். "சனாயி, இது என் முதல் கானயோக். உனக்கு."

ஒரு விரலால் மீனின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் கையிலிருந்து ஒழுகிய ரத்தத்தையும் பார்த்தாள்.

கெட்டிலில் போட்டு வேகவைத்தான். வயிறு நிறைய முட்டை. ஈரலின் கொழுப்பு தண்ணீரில் மஞ்சளாக மிதந்தது. அந்த வாசனையில் அவன் கெட்டில் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். அவனும் அத்தனை நாளாகப் பட்டினிதானே. மூடியில் ஊற்றி அவள் கையில் கொடுத்தான். அவள் மீனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். வெளியூர்க்காரன் யாராவது அங்கே இருந்திருந்தால், வால்துண்டையாவது அவனுக்குக் கொடு என்று சொல்லியிருப்பான். அவளுக்கும் மனம் அதைத்தான் சொல்லியிருக்கும், அவள் முகத்தில் அது தெரிந்தது. ஆனால் அவன் வாயில் ஒரு துண்டு பட்டால் கானயோக் இனி அவன் கைக்கு வராது. அந்தப் பாறையில் வேறெதுவும் இல்லை. இரக்கப்பட்டால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். உலாயுக் பார்வையைக் கூடாரத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டான், அவளுக்குச் சங்கடமாக இருக்க வேண்டாம் என்று.

"திரும்பாதே" என்றாள் நௌயா. "குடுத்தவன் பார்க்கணும். பாரு."

அவன் பார்த்தான். அவள் முட்டையைத் தின்றாள். ஈரலைத் தின்றாள். முதுகுச் சதையைப் பிய்த்து மெதுவாக மென்றாள். இரண்டு தடவை அவளுக்குத் தொண்டை மறுத்துக்கொண்டு மேலே வந்தது. உள்ளங்கையால் வாயை அழுத்தி மூடி, கண்ணில் தண்ணீர் முட்ட, பலவந்தமாக உள்ளே தள்ளினாள். பட்டினி கிடந்த வயிறு, ஏற்றுக்கொள்ள மறுக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். போதும், மிச்சத்தை அப்புறம் சாப்பிடு என்றான். அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள். "நல்ல கொழுப்பு" என்றாள். "இவ்வளவு ருசியா யாரும் எனக்குக் குடுத்ததில்லை." தலையை உடைத்துக் கன்னச் சதையை எடுத்தாள், கண்ணை உறிஞ்சினாள், எலும்பை ஒவ்வொன்றாக வாயிலிட்டுச் சுத்தம் செய்தாள். கடைசியில் சாற்றைக் குடித்து, கெட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

எங்கள் பழக்கத்தை நான் பெருமையாகப் பேசுகிறவன் அல்ல. ஆனால் பசித்தவன் முன்னால் உட்கார்ந்து, பங்கு கொடுக்காமல், அத்தனையும் தின்று முடிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அன்றைக்கு உலாயுக்குக்குப் புரிந்தது. அவன் தண்ணீரில் நின்றதை விடவும் அது கஷ்டம்.

"போ" என்றாள், மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "இனிமே உனக்குப் பிடி."

வெளிச்சம் மங்குவதற்குள் இன்னும் இரண்டு பிடித்தான். இரண்டும் உறுமின. அவன் கையும் ஒவ்வொரு தடவையும் திறக்கத்தான் பார்த்தது, அவன் திறக்கவிடவில்லை. ஒன்றைக் கரையிலேயே பச்சையாகத் தின்றான். மற்றதை வேகவைத்து இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். நௌயா அதில் சாற்றை மட்டும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சதையெல்லாம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். சாற்றைக் குடித்தபின் அவளுக்கு மறுபடி நடுக்கம் வந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டான்.

காற்று விழுந்தது மறுநாள் காலை. இரண்டு படகுகள் தீவைச் சுற்றிக்கொண்டு வந்தன. முன்படகில் நின்றவன் கௌதாக், உலாயுக்கின் தங்கை புருஷன். வேட்டையில் எப்போதும் இவனுக்கு அடுத்த இடம், அந்த எரிச்சல் ஒரு நாளும் போனதில்லை. அவர்கள் கண்ணில் முதலில் பட்டது மடுவில் நின்றுகொண்டிருந்த உலாயுக்தான். கால்சட்டை தொடைவரை சுருட்டியிருந்தது, ஒரு கையில் சிவப்புக் கம்பளி தொங்கும் தூண்டில்நூல், இன்னொரு கையில் ஒரு கானயோக். இரண்டு பேரும் உயிரோடிருப்பது தெரிந்ததும் படகிலிருந்தவர்களுக்கு நிம்மதி. நிம்மதி வந்தால் எங்கள் ஆட்களுக்கு அடுத்து வருவது கேலி.

"என்ன மச்சான்" என்றான் கௌதாக், "ஊர்ல கரடியெல்லாம் தீர்ந்துபோச்சா? குழந்தைங்க கிட்டேர்ந்து மீனைப் பிடுங்க ஆரம்பிச்சிட்டே."

எல்லாரும் சிரித்தார்கள். உலாயுக் தப்பித்துக்கொள்ள வழியிருந்தது. தோட்டா தீர்ந்துவிட்டது, வேறு வழியில்லாமல் பிடித்தேன் என்று சொன்னால் போதும். அது பொய் கூட இல்லை. கூடாரத்து வாசலில் நௌயா ஒரு கையை ஊன்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷம் திறக்கவில்லை. கையிலிருந்த மீன் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"என் முதல் கானயோக் நேத்துதான் பிடிச்சேன்" என்றான் உலாயுக். குரல் மேலே எழாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அதுக்கு முன்னால பிடிச்சதில்லை. பயம். என் சனாயிக்குக் குடுத்தேன். ஒரு முள்ளு மிச்சம் வைக்காம தின்னா."

படகில் சிரிப்பு நின்றது. இவன் விளையாடுகிறானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சனாயியின் பெயரை வைத்து எங்களில் யாரும் விளையாடமாட்டார்கள். கௌதாக் தண்ணீரில் இறங்கி வந்தான். முள் குத்தி வீங்கிய உலாயுக்கின் கையை எடுத்து, முதல் மீன் பிடித்த சிறுவனுக்குச் செய்வது போல, மேலும் கீழுமாக ஒருதரம் குலுக்கினான். அவன் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்து குலுக்கினார்கள். உலாயுக் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தே கை கொடுத்தான்.

நௌயாவைப் போர்வையில் சுற்றித் தூக்கிப் படகின் நடுவில் படுக்கவைத்தார்கள். உலாயுக் அவள் தலையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டான். கௌதாக் ஒரு சீல் இறைச்சித் துண்டை நீட்டினான், அவள் ஆசையாக வாங்கி மென்றாள். தீவு பின்னால் போனபின், மோட்டார் சத்தத்தில் மற்றவர்கள் காதில் விழாது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குனி என்று சைகை செய்தாள்.

"ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்லு."

"எனக்குக் கானயோக் ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே. வாசனை வந்தாலே குமட்டும். எங்கம்மா அடிச்சுக் கூடப் பார்த்தா, வாயில வைக்கமாட்டேன்."

உலாயுக் அவளையே பார்த்தான். வாயை அழுத்தி மூடிய அந்த உள்ளங்கை அவன் கண் முன்னால் வந்தது. கண்ணைக் கூட உறிஞ்சினாயே என்றான். கெட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாயே என்றான். பிறகு, அவனுக்குத் தாங்கவில்லை, கேட்டுவிட்டான்.

"அப்ப எதுக்கு இத்தனை வருஷமா கேட்டே? ஒவ்வொரு விருந்துலயும் வந்து வந்து கேட்டியே?"

நௌயா இறைச்சியை மென்று விழுங்கினாள்.

"மீன் வேணும்னா கேட்டேன்?" என்றாள்.